ஆதரவு நீக்கப்பட்ட அருளப்பன்

லினக்ஸ் போட்ட வீட்டில் லினக்ஸுக்குத் தெரிந்தவை மட்டுமே வேலை செய்யும். தூத்துக்குடியில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஞானசௌந்தரிக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அவள் வாங்கிய புது லேப்டாப் உள்ளே ஒன்றுமில்லாமல் வெறுமையாக வந்திருந்தது. மகள் பியூலா மஸ்கட்டில் நிறைமாதமாக இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் லேப்டாப்பை இயக்க லினக்ஸ் மாதிரி ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும்.

அடுத்த தெருவில் இருந்த திரவியம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துபவர். அவர்தான் லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். ஞானசௌந்தரி இதற்கு முன் கம்ப்யூட்டரில் படம் பார்த்ததோடு சரி. அவர் சொன்னபடி பட்டனை அழுத்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஹார்ட் டிஸ்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. அதைக் கணவர் அருளப்பனிடம் கேட்டாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், அழி என்றார்.

லினக்ஸ் எழுந்ததும் வீடு முழுக்க ஒரு முறை பார்த்தது. திரையில் வரிகள் ஓடின. மின்விசிறி, சரி. குழாய், சரி. அருளப்பன், சரி. வைஃபை, தெரியவில்லை. பியூலா அனுப்பிய புது மிக்சியும் தெரியவில்லை. அன்று சட்னி இல்லை.

வைஃபை கார்டு மிகவும் புதிது, இந்தக் கெர்னலுக்கு அதைத் தெரியாது என்றார் திரவியம். கெர்னல் என்பது லினக்ஸின் மூளை மாதிரி. அதில் புதியதைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னொரு பென் டிரைவைக் கொண்டுவந்தார். ஞானசௌந்தரி கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ஓர் இடைவெளி விட்டுப்போனதால் முதலிலிருந்து மறுபடியும் தட்டினாள்.

வைஃபை வந்தது. மிக்சி ஓடியது. அருளப்பன் நின்றுவிட்டார்.

பேப்பரைப் புரட்டப் போன கை பாதியில் நின்றிருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. உடம்பு சூடாகத்தான் இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். ‘அருளப்பன்: ஆதரவு நீக்கப்பட்டது’ என்று இருந்தது. திரவியத்துக்குப் போன் செய்தாள்.

“இந்தப் பதிப்புல பழைய ஆட்கள் நெறைய பேர எடுத்துட்டாங்கக்கா. பராமரிக்க ஆள் இல்லன்னா எடுத்துருவாங்க.”

“நான் இருக்கேனே.”

“இருக்கீங்க. பராமரிக்கிறதா எங்கயும் பதிவு பண்ணலியே.”

கம்ப்யூட்டரைத் திறக்கும்போது பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் கணவர் அசைவார், வைஃபை போய்விடும். புதியதைத் தேர்ந்தெடுத்தால் மகள் வருவாள், கணவர் நின்றுவிடுவார். கொஞ்ச நாள் அவள் காலையில் பழையதும் மாலையில் புதியதுமாக ஓட்டினாள். பியூலா திரையில் அப்பாவைப் பார்த்துவிட்டு, நம்ம அப்பாவையும் எடுத்துட்டாங்களா என்று கேட்டாள். தன் மாமனாரைப் போன வருஷமே எடுத்துவிட்டார்கள் என்றாள். ஒவ்வொரு காலையும் அருளப்பன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஆனால் வரவர மெதுவாகத் தொடங்கினார். ஒருநாள் வாயில் வைத்த இட்லியை விழுங்குவதற்குள் மதியம் ஆகிவிட்டது.

இது சரிப்படாது என்று தோன்றியது. புதிய கெர்னலுக்குப் புரியும்படி அருளப்பனை இயக்கும் டிரைவர் கோப்பை, திரவியத்திடம் கேட்டுக்கொண்டு, தானே எழுத உட்கார்ந்தாள். என்ன கொடுத்தால் என்ன செய்வார் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். டீ கொடுத்தால் குடிப்பார். கூப்பிட்டால் ‘ம்’ என்பார். விளக்கை அணைத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். அதற்குப் பிறகு விசைப்பலகையில் கையை வைத்தபடி நெடுநேரம் இருந்தாள். வேறெதுவும் வரவில்லை. கூடவே வாழ்ந்த காலத்துக்கு அது மிகச் சின்னக் கோப்பு.

அருளப்பன் அதில் ஓடினார். டீ குடித்தார், ‘ம்’ என்றார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நடுவில் உள்ள நேரமெல்லாம் காலி டம்ளரோடு கூடத்தில் நின்றார். முன்பும் ஏறக்குறைய இப்படித்தானே இருந்தார் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் மேஜைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

திரவியம் வந்து பார்த்தார். எழுதுவதற்கு முன்னால், வேறு யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடியிருக்க வேண்டும் என்றார். தேடினார்கள். இருந்தது. பராமரிப்பவர்: செண்பகவடிவு, கோவில்பட்டி. கடைசியாகத் திருத்தியது போன வாரம்.

திரவியம் படித்துப் பார்த்தார். “நல்லா எழுதியிருக்காங்கக்கா. ரொம்பச் சுத்தமா இருக்கு.”

அவர் போன பிறகு ஞானசௌந்தரி முழுவதையும் படித்தாள். மழை நாளில் இடது முழங்காலில் எண்ணெய் தடவ வேண்டும். சவரம் செய்யும்போது விசில் அடிப்பார். இடி என்றால் பயம், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். நாம் பேசாமல் இருந்தால் அவராகவே பேசத் தொடங்குவார். எதற்கெல்லாம் சிரிப்பார் என்பதற்கே பல பக்கங்கள் இருந்தன. அவளுடைய பெயர் எங்கும் இல்லை. தூத்துக்குடி ஓர் இடத்தில் வந்தது. பக்கத்தில் ‘இங்கிருந்து வருவார்’ என்று குறிப்பு இருந்தது.

கூடத்தில் அருளப்பன் காலி டம்ளரோடு நின்றிருந்தார். அவள் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள். பிறகு தன் கோப்பை அழித்துவிட்டுச் செண்பகவடிவின் கோப்பைப் போட்டாள்.

அவர் முதுகு நிமிர்ந்தது. குளித்தார். விசில் அடித்துக்கொண்டே சவரம் செய்தார். அது என்ன பாட்டு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், பக்கத்து வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல மரியாதையாக அவளைப் பார்த்தார்.

“பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போகணும்மா?”

“எடது பக்கம் திரும்பி நேரா போங்க. மேகமா இருக்கு, குடை எடுத்துக்கோங்க.”

எடுத்துக்கொண்டார். தெரு திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தாள். இடி இடித்தது. நடையைக் கொஞ்சம் வேகமாகப் போட்டார்.

வீடு அமைதியாக இருந்தது. எல்லாமே வேலை செய்தன. பிற்பகலில் லேப்டாப்பிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. திரையின் ஓரத்தில், புதிய சாதனம் இணைக்கப்பட்டது, பயன்படுத்தத் தயார் என்று எழுத்துகள் தெரிந்தன. வாசலில் ஒல்லியாக ஒருவர் பையோடு நின்றிருந்தார். செருப்பை எங்கே விடலாம் என்று கேட்டார். உள்ளேயே விடலாம் என்றாள். அவர் நேராகக் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அப்போது பியூலா அழைத்தாள். கையில் துணி சுற்றிய குழந்தை இருந்தது. கண்ணைத் திறக்காமல் கொட்டாவி விட்டது. ஞானசௌந்தரி லேப்டாப்பை நாற்காலிப் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

“அப்பா, பேரன் யார் சாயல்?” என்று கேட்டாள் பியூலா.

அவர் முன்னால் குனிந்து நிதானமாகப் பார்த்தார். “என் சாயல்தாம்மா,” என்றார். “மூக்கப் பாரு.”

வெளிச்சம் போதவில்லை என்று ஞானசௌந்தரி எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.