இன்னொரு கையில் விழித்த செல்கள்

எட்மன்டனில் அந்த ஆய்வகத்துக்குக் கறாரான வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் கண்டதை இன்னொருவர் தன் கையால் செய்துகாட்டும்வரை அது வாசலைத் தாண்டாது. அந்த வழக்கத்தைப் பற்றி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவள், அங்கே ஆய்வு செய்யும் லரிசா. இப்போது அதுவே அவள் கழுத்தைப் பிடித்தது.

நோயை எதிர்க்கும் டி செல்களின் மேலுள்ள புரதங்களில் சர்க்கரைச் சரங்கள் தொங்கும். அவற்றின் நுனியை ஒரு நொதியால் வெட்டிவிட்டால், சின்னத் தூண்டலுக்கே செல் துள்ளி எழுகிறது. லரிசா மூன்று வருடம் உழைத்துக் கண்டது இது. சக ஆய்வாளன் கார்த் செய்து பார்த்தபோதோ செல்கள் கும்பகர்ணத் தூக்கம் போட்டன.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இவனுக்கும் வரலைன்னா, மாநாட்டுல நீ இதைப் பேச முடியாது," என்று சொல்லிவிட்டார் ஆய்வகத் தலைவி மொய்ரா.

"உன் கையில மட்டும் மந்திரம் இருக்கு போல," என்று சிரித்தான் கார்த்.

லரிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது! நீ செய், நான் பார்க்கறேன்." கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றாள்.

கார்த்தின் செல்கள் அந்தக் கட்டடத்திலேயே கொழுகொழுவென்று இருப்பவை. பெற்ற பிள்ளையைப் போல வளர்ப்பான். நொதியைச் சேர்க்குமுன், கன்றின் ரத்தச் சீரம் கலந்த இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தைச் செல்களின்மேல் ஊற்றப் போனான்.

"நில்லு, அதுல சீரம் இருக்கே!"

"பின்ன? அரை மணி நேரம் பட்டினி போடவா? பாவம் இல்லையா?"

"அடப்பாவி! சீரத்துல இருக்கிற புரதத்துலயும் அதே சர்க்கரைதானே தொங்குது? நொதி அதை வெட்டிக்கிட்டே ஓய்ஞ்சுபோயிடும். செல்லுப் பக்கம் எப்படி வரும்?"

கார்த்தின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ நான்தான் கெடுத்தேனா?"

"நீ இல்ல, உன் பாசம்."

செல்களை வெறும் உப்புக் கரைசலில் கழுவினான். நொதியைச் சேர்த்து, மனசே இல்லாமல் அரை மணி நேரம் பட்டினி போட்டான். பிறகு நொதியை அலசிவிட்டு, தூண்டலைக் கொடுத்தான். மாலையில், செல்களின் விழிப்பை அளக்கும் கருவியின் திரையில் இரண்டு மேடுகள் எழுந்தன. ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைத்த வெட்டாத செல்களின் மேடு இடது மூலையிலேயே கிடந்தது. வெட்டியவற்றின் மேடு வலப்பக்கம் வெகுதூரம் நகர்ந்து நின்றது. அத்தனையும் விழித்துவிட்டன.

மொய்ரா குனிந்து பார்த்தார். "யார் செஞ்சது?"

"நான்தான். இவ எதையும் தொடல."

தன் கையால் எத்தனையோ முறை வரவழைத்த மேடுதான் அது. ஆனால் லரிசாவின் நெஞ்சு இந்த அளவுக்கு நிமிர்ந்ததில்லை. அவள் இல்லாமலே அது நடந்துவிட்டது.

"இப்பவாவது கையை வெளிய எடு, குலுக்கணும்," என்றான் கார்த்.

எடுத்தாள். உள்ளங்கை முழுக்க நகத் தடம்.