கயிறு கட்டிய கல்லுக்கு அந்தப் பக்கம்

தொயோகோவின் குளத்தங்கரையில் ஒரே ஒரு கோரையையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தெருவில் முயலாத ஆள் இல்லை. தேநீர் குடிக்கிற சாக்கில் போய் ஓரக்கண்ணால் துழாவுவார்கள். கிடைத்தால்தானே! கரை முழுக்க டிராகன் தாடி என்கிற அலங்காரப் புல்தான். விரல் நீளம்கூட இல்லாத கரும்பச்சை இலைகள், மெத்தை விரித்த மாதிரி. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த இந்தப் பதினோரு வருஷமும், மழை விட்ட மறுநாளெல்லாம் அவள் அந்தக் கரையில்தான். கவிழ்த்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, மூங்கில் குச்சியால் மண்ணை நெகிழ்த்தி, கோரையைக் கிழங்கோடு எடுப்பாள். மேலாகப் பிடுங்கினால் ஒன்று ஒன்பதாகும் என்று கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.

அந்த உழைப்புக்கு அந்த அக்டோபரில்தான் பலன் வந்தது. தோட்ட உலா நடத்தும் குழுவினர் முதல்முறையாக அவள் வீட்டையும் வழியில் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தலைவி சுகிதானி அம்மாள் பரிவாரத்தோடு வருகிறார். தொயோகோ யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. மீன்கடையில், தபாலாபீசில், பல் டாக்டரிடம் வாயைத் திறந்திருந்த நிலையில், தற்செயலாகச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஒரே ஒரு சிக்கல், பக்கத்து வீட்டுக் குரிமோத்தோ. எந்தக் காலத்திலோ யாரோ அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் வீடு இரண்டாகிவிட்டது. குளத்தை மட்டும் யாராலும் அறுக்க முடியவில்லை. கரையில் எல்லைக்கு அடையாளமாகக் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய, தேங்காய் அளவு ஒரு கல். கியோட்டோவில் அப்படிப்பட்ட கல்லைத் தாண்டுகிறவன் ஒன்று திருடன், இல்லையென்றால் சுற்றுலாப் பயணி. கல்லுக்கு அந்தப் பக்கம் குரிமோத்தோவின் கரை: டிராகன் தாடிக்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் கோரை தலைவிரித்து ஆடியது.

சனிக்கிழமை காலையில் டோஃபு கொடுக்க வந்த இகுயோ அதைப் பார்த்துவிட்டு நின்றாள். பள்ளிக்கூடத்திலிருந்தே தொயோகோவின் சிநேகிதி, நாக்கு மட்டும் அவளுடைய டோஃபு போல மிருதுவானதில்லை.

"ஏண்டி, நாளைக்கு அந்தம்மா உன் பக்கம் பார்ப்பாங்களா, அந்தக் காட்டைப் பார்ப்பாங்களா?"

"நான்தான் கல்லுக்கு அப்பால ஒரு சாண் எடுத்துவிட்டிருக்கேனே."

"ஒரு சாண்! யானைக்கு மூக்குத்தி போட்ட மாதிரி. மீதியையும் எடுக்கச் சொல்லி அவர்கிட்ட கேளேன்."

"கேக்கறதா? உங்க தோட்டம் அசிங்கமா இருக்குன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சொல்றியா?"

வாசல் பெருக்கினால் அடுத்த வீட்டு வாசலிலும் ஒரு சாண் பெருக்க வேண்டும், அது மரியாதை. இரண்டு சாண் பெருக்கினால் சண்டைக்கு இழுக்கிறாய் என்று அர்த்தம். தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

மத்தியானம் குரிமோத்தோ வெளியே போகிற செருப்புச் சத்தம் கேட்டது. தொயோகோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லருகே போனாள். ஒரு சாண் ஒன்றரை ஆயிற்று. அந்த ஒன்றரையில் ஒரு கோரையின் கிழங்குக்கொடி இன்னும் உள்ளே ஓடியது. விட்டால் பாவம் என்று அதன் பின்னாலேயே போனாள். நாலு மணிக்கு வாளி நிரம்பி அவள் நிமிர்ந்தபோது, முகத்துக்கு நேரே குரிமோத்தோவின் வராந்தா. வராந்தாவில் குரிமோத்தோ.

"பூனையைத் தேடி வந்தேன்" என்றாள் தொயோகோ.

"உங்ககிட்ட பூனை கிடையாதுங்களே."

"அதான் தேடறேன்."

அவர் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், சிரிக்காமலிருப்பது அவருக்குப் பழக்கம். மெல்ல உட்கார்ந்து, வாளியை எட்டிப் பார்த்தார்.

"இதுதான் கோரையா? தப்பா நினைக்காதீங்க. எனக்கு எது எதுன்னே தெரியாது. என் வீட்டுக்காரி இருந்தப்போ ஒரு தடவை களை எடுக்கறேன்னு உக்காந்தேன். வேர்ல குட்டிக் குட்டிக் கிழங்கா இருந்துச்சு. சரி, கோரைதான்னு ஒரு கூடை பிடுங்கிட்டேன். பூராவும் தாடி! தாடிக்கும் கிழங்கு உண்டுன்னு யாருக்குத் தெரியும்? மூணு நாள் அவ பேசலை. அவ போனப்புறம், அவ வெச்சதை எங்க பிடுங்கிடுவேனோன்னு கையே வைக்கலைங்க."

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"நீங்க என்னைக் கேட்டீங்களா?"

தொயோகோ ஒரு கோரைத் தண்டை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவே வைத்தாள். "உருட்டிப் பாருங்க. மூணு பட்டை தட்டும். தாடி தட்டையா இருக்கும்."

அவர் உருட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை உருட்டினார். பிறகு கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். இருட்டுவதற்குள் கரை முழுக்க ஒரே மெத்தையாயிற்று.

ஞாயிறு பத்து மணிக்குச் சுகிதானி அம்மாள் வந்தார். குளத்தைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"இவ்வளவு நீளக் கரையில ஒரு களைகூட இல்லையே! யாரோட கை இது?"

தொயோகோ வாயைத் திறப்பதற்குள், வராந்தாவிலிருந்து குரிமோத்தோ குரல் கொடுத்தார். "கல்லு வரைக்கும் அந்தம்மாதுங்க."

எல்லோரும் கல்லைத் தேடினார்கள். தொயோகோவும் தேடினாள். பழைய இடத்தில் ஈரமான வட்டம்தான் இருந்தது. கறுப்புக் கயிறு கட்டிய கல், எட்டடி தள்ளி, குரிமோத்தோவின் வராந்தாப் படியை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, இதெல்லாம் ஒண்ணுமேயில்லைங்க, கண்கொண்டு பாக்கற மாதிரியா இருக்கு" என்று தொயோகோ முறைப்படி மூன்று தடவை குனிந்தாள். மூன்று தடவையும் நிமிர்ந்தபோது முகம் தலைதீபாவளி மாப்பிள்ளை முகம்தான்.

கூட்டம் போனதும் இகுயோ அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அசடே, புரியலையா? இனிமே அந்த எட்டடிக்கும் சாகற வரைக்கும் களை எடுக்கறது நீதான். மனுஷன் உன் தலையில கட்டிட்டு ஜம்முன்னு உக்காந்திருக்கார் பாரு!"

வராந்தாவில் குரிமோத்தோ உண்மையிலேயே ஜம்மென்றுதான் உட்கார்ந்திருந்தார்.

"புரியாமயா?" என்றாள் தொயோகோ. மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பழைய ஈர வட்டத்தை அவசரமே இல்லாமல் தாண்டி, புதிய கல்லருகே போட்டு உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டி, கல்லுக்கு அந்தப் பக்கம், படியோரத்தில், சரியாக ஒரு சாண் சுத்தம் செய்தாள்.