ஹால்டமனின் சவன்னா

தன் வரலாற்றின் மண்ணில் காலூன்றி நிற்காத மக்கள் பூமியிலிருந்தே துடைத்தெறியப்படுவார்கள் என்று ஓரின் ஹால்டமன் ஆண்டுதோறும் பிப்ரவரியில் முழங்குவது வழக்கம். முழங்குகிற இடம் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் மில்பர்ட்டன் என்ற சிற்றூரின் தேவாலயத்து நிலவறைக் கூடம். கேட்கிறவர்கள் அவர் தலைமையில் இயங்கும் மில்பர்ட்டன் வரலாற்றுக் கழகத்தார். துடைத்தெறியப்படுவது பற்றி அவர்களுக்குப் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. தலைவர் பேசி முடித்தால்தான் கேக் வெட்டுவார்கள் என்பதால் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சொற்பொழிவுக்கு 'என் சவன்னா' என்று பெயர். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் அந்தப் பழைய நகரத்தில் வாலிப வயதில் இரண்டு வருடம் குடியிருந்ததாக ஓரின் சொல்வார். விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடுகளைத் திரையில் போடுவார். பாசி தொங்கும் ஓக் மரங்கள், நிழல் விழுந்த சதுக்கங்கள், ஆற்றங்கரையில் கல் பாவிய தெரு. கடைசியில் ஒரு நீரூற்று. அதன் முன்னால் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒல்லியான இளைஞன். "நான்தான்" என்பார் ஓரின், குரலைத் தாழ்த்தி. இருட்டில் இரண்டு மூன்று பெண்மணிகள் பெருமூச்சு விடுவார்கள்.

அந்த முதுகு யாருடையது என்று ஓரினுக்கே தெரியாது. செத்துப்போன யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது, மீன் தூண்டிலோடு சேர்த்து அந்த ஸ்லைடுப் பெட்டியையும் வாங்கி வந்திருந்தார். சவன்னாவை அவர் கண்ணால் பார்த்ததில்லை. தெற்கே அவர் போன அதிகபட்ச தூரம் பக்கத்து மாநிலமான கென்டக்கி. அதுவும் மைத்துனன் கல்யாணத்துக்கு. இந்த விஷயம் அவருக்கும் மனைவி வெர்னாவுக்கும் மட்டும் தெரியும்.

ஜூலை மாதத்தில் வினை வந்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற லுயெல்லா கிரெப்ஸ்தான் கழகத்தின் துணைத்தலைவி. படம் பார்த்தது போதும், செப்டம்பரில் ஒரு பஸ் பிடித்து மூன்று நாள் சவன்னாவுக்கே போய் வருவோம், வழிகாட்ட நம் தலைவர் இருக்கும்போது வேறு என்ன வேண்டும் என்று அவள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். அந்தக் கூடத்தில் ஜன்னலைத் திறப்பதென்றாலும் ஒருவர் முன்மொழிந்து, ஒருவர் வழிமொழிந்து, எல்லாரும் கை தூக்கியாக வேண்டும். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவரே ஓரின்தான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் திட்டமிடும் கூட்டம். ஓரின் அந்தக் காலத்தில் காலைச் சாப்பாடு சாப்பிட்ட ரொட்டிக்கடையிலேயே தானும் சாப்பிட வேண்டும் என்றார் டெல்பர்ட் என்ற கிழவர். லுயெல்லா நகர வரைபடத்தை மேஜையில் விரித்து, சிவப்புப் பென்சிலை ஓரினிடம் நீட்டினாள்.

"தலைவரே, நீங்க குடியிருந்த வீட்டுக்கு மட்டும் ஒரு வட்டம் போடுங்க. மத்ததையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

நீரூற்றுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள் என்று ஓரின் சோகமாகச் சொன்னார். அடுத்த செவ்வாய் லுயெல்லா கேக் வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், சவன்னாவில் யாருக்கோ போன் போட்டுக் கேட்டதாகவும் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டையும் இடிக்கவில்லையாம் என்றும் தெரிவித்தாள். கத்தி கேக்கின் அடிவரை இறங்கித் தட்டில் உரசியது.

"பரவால்ல தலைவரே. நேர்ல போய் நின்னா உங்களுக்கே ஞாபகம் வந்துடும்."

அன்றிரவு ஓரின் சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் படுத்துவிடும்படி வெர்னா யோசனை சொன்னாள். படத்தில் இருந்த அதே முதுகு இன்னும் கம்பி மாதிரி இருக்கிறது என்று போன பிப்ரவரியில்தான் எல்லார் முன்னாலும் தட்டிக் காட்டினேனே என்றார் அவர். அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடு என்றாள். நடுத்தெருவில் துணியில்லாமல் நடக்கச் சொன்னதுபோல் அவளைப் பார்த்தார். ஊரில் அவர் வீடு வீடாகப் போய்க் கூரையில் விழும் மழைத் தண்ணீரை இறக்கும் குழாய் விற்று ஓய்வு பெற்றவர். சவன்னா இல்லையென்றால் அவரிடம் மிச்சம் இருப்பது அந்தக் குழாய்தான்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அட்லாண்டிக் கடலில் ஒரு புயல் பிறந்தது. அதற்கு ஓடெல் என்று பெயர் வைத்தார்கள். வெர்னாவின் செத்துப்போன அம்மா பெயரும் அதுதான்.

"அம்மா வர்றா பாரு, உன்னைக் காப்பாத்த" என்றாள் வெர்னா. "உசிரோட இருந்தப்ப ஒரு நாளும் செய்யாத காரியம்."

ஓரின் டிவி முன்னால் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வெள்ளைச் சுழி ஒன்று நீலத்தில் மெல்ல நகர்ந்தது. அதன் பாதை புளோரிடா பக்கம் சாய்ந்தால் ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சவன்னா பக்கம் திரும்பினால் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றார். மூன்றாம் நாள் அது சவன்னாவை நேராகப் பார்த்தபடி நின்றது. ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். திரையில் ஒருவன் கடைக் கண்ணாடியின் மேல் பலகை அடித்தான். சக்கர நாற்காலியோடு ஒரு கிழவியை நாலு பேர் பஸ்ஸுக்குள் தூக்கி வைத்தார்கள். அவள் மடியில் பூனைக் கூடை இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கிட்டே வா" என்றார் ஓரின், வாய்விட்டு.

பாத்திரம் துடைக்கும் துணியோடு வெர்னா வாசலில் நின்றிருந்தாள். டிவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், துணியைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெளியே மில்பர்ட்டனில் ஒரு இலை அசையவில்லை. வானம் பழைய காயம் மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. அவர் பேசியதை அந்தச் சுழி கேட்டிருக்குமோ என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. ஆனாலும் டிவியை அணைக்கவில்லை.

கடைசிக் கூட்டத்துக்கு யாரோ ஒரு டிவியைக் கூடத்துக்கே கொண்டுவந்து, சத்தத்தைக் குறைத்து, காபிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். புயல் கரைக்குச் சற்று வெளியே முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றது. ஊரைத் தின்பதா, கடலுக்குத் திரும்புவதா என்று சீக்கிரம் தெரிந்துவிடும் என்றார்கள்.

லுயெல்லா எழுந்தாள். பயணம் கிடக்கட்டும், அங்கே இருக்கிறவர்களும் மனிதர்கள்தானே என்றாள். புயல் கடலோடு போகவேண்டும் என்று கழகம் பிரார்த்தனை செய்ய வேண்டும். அந்த மக்களோடு வாழ்ந்த தலைவரே அதை முன்னின்று நடத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். தலைவரைப் பற்றிய தீர்மானத்தைத் தலைவரே ஓட்டுக்கு விடக்கூடாது என்பதால் தானே விடுவதாகவும் சொன்னாள். டெல்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிமொழிந்தார். பின்வரிசையில் வெர்னா பின்னல் ஊசியை மடியில் வைத்தாள்.

ஓரினின் கண் டிவியை விட்டு நகரவில்லை. வெள்ளைச் சுழி ஒரு நூலளவு நகர்ந்தது. கடல் பக்கமாக. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர் மனக்கண்ணில் பஸ் தெரிந்தது. கையில் மைக் தெரிந்தது. எங்கே திரும்புவது என்று கேட்கிற டிரைவர் தெரிந்தான். முதுகுக்குப் பின்னால் கழகத்து முகங்கள் அத்தனையும் தெரிந்தன. போகாதே, போகாதே என்று உள்ளுக்குள் அந்தச் சுழியைக் கெஞ்சினார்.

"ஆதரிக்கிறவங்க?" என்றாள் லுயெல்லா. கைகள் உயர்ந்து இறங்கின, வெர்னாவின் கையும்.

"எதிர்க்கிறவங்க?"

அது சும்மா வழக்கத்துக்குக் கேட்பது. கேட்ட மூச்சிலேயே 'நிறைவேறியது' என்று சொல்லிவிடுவார்கள். லுயெல்லா சொல்லவில்லை. காபிப் பானை கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஏன் எல்லாரும் வாயடைத்துப் போனார்கள் என்று பார்க்க ஓரின் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

கூடத்தில் உயர்ந்திருந்தது ஒரே ஒரு கை. அது அவருடையது.