மச்சான் கடை புஷ்

கலாவதிக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காரையே கொட்டச்சேட்டு மலைச் சரிவில் உருட்டி விட்டிருப்பாள். மறுநாள் காலையில் குப்பனூரில் அவள் அண்ணன் ஜீவா கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அடுப்பு மூட்டிப் பாலைப் பொங்க வைக்க வேண்டியவள் அவள். அவள் வீட்டுக்காரன் கருப்பண்ணனோ, "அந்தத் திருட்டுப் பய ஊட்டு வாசல நானும் மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது" என்று நாலு நாளாக ஒற்றைக் காலில் நின்றான்.

இத்தனைக்கும் காரணம் கைப்பிடி அளவு ரப்பர். ஜீவா சேலத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். வாடகைக் கார் ஓட்டும் கருப்பண்ணன் போன மாதம் அங்கே முன்சக்கரம் இரண்டுக்கும் புது ஆர்ம் வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே மாட்டினான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைதான் ஆர்ம். அது வண்டியோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். பள்ளத்தில் விழும் அடியையெல்லாம் அதுதான் வாங்கிக்கொள்ளும். முப்பது நாள்கூட ஆகவில்லை, இரண்டு பக்கமும் ரப்பர் கிழிந்து, வளைவுக்கு வளைவு கடக் கடக்கென்று அடித்தது. அவ்வளவுதான். "டூப்ளிகேட்ட என் தலையில கட்டிட்டான்" என்று ஒண்டிக்கடை டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு டிரைவர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தான்.

சேதி ஜீவா காதுக்கும் போனது. மனுஷன் மறுபேச்சு இல்லாமல் இன்னும் இரண்டு ஆர்மை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

"பாத்தியா? தப்பு பண்ணாதவன் எதுக்குச் சும்மா அனுப்பறான்?" என்றான் கருப்பண்ணன்.

பெருந்தன்மையைக்கூடத் திருட்டுக்குச் சாட்சியாக்குகிற மூளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கலாவதி பல்லைக் கடித்துக்கொண்டாள். திருடன் அனுப்பியதை மாட்டிக்கொள்ள மட்டும் இவருக்குக் கூச்சமில்லை.

அன்று மத்தியானம் வாசலில் வேலை ஆரம்பமானது. சரிவு வாசல். சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, பலகை மேல் ஜாக்கி வைத்துத் தூக்கினான். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்கு மட்டும் திருடனின் தங்கச்சி வேண்டும்.

"பதினேழு குடு."

டங்கென்று தரையில் போட்டாள்.

"கையில குடுத்தா கொறஞ்சா போயிருவ?"

"எங்கண்ணன் கை தொட்ட சாமானயே தொடறீங்க. தரையில கெடந்த ஸ்பேனரத் தொட்டா என்னவாம்?"

அவன் குனிந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டான். இடது பக்க ஆர்மை ஏற்றி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை மூச்சுப் பிடித்து முறுக்கினான். சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கிவிட்டு வலது பக்கம் போனான். அங்கே ஆர்மைக் கோத்து, போல்ட்டை விரலால் திருகி வைத்த நேரத்துக்கு மழை கொட்டியது. ஜாக்கி நின்ற பலகை மண்ணில் இறங்க ஆரம்பித்தது. சட்டென்று சக்கரத்தை மாட்டி வண்டியை இறக்கிவிட்டு இருவரும் உள்ளே ஓடினார்கள்.

மழை விட்டதும், பாதியில் விட்டது எப்படி நிற்கிறதென்று பார்க்க அவன் டார்ச்சோடு குனிந்தான். "ஏனுங்க, இங்க குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு ஈர மண்ணில் கலாவதியே படுத்தாள். வலது பக்கம், முறுக்காத புஷ்ஷில் ரப்பர் ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. புரண்டு இடது பக்கம் பார்த்தாள். அங்கே அதே ரப்பர் பிழிந்த துணியாக முறுக்கிக்கொண்டு நின்றது. வண்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஹோட்டலில் பதினோரு வருஷமாகப் படுக்கை விரிப்புத் துவைக்கிறவளுக்கு, பிழிந்தது எது, பிழியாதது எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வந்து பாருங்க. ரெண்டும் எங்கண்ணன் கடைதான். ஒண்ணு நீங்க தொங்கவுட்டு முறுக்குனது, ஒண்ணு முறுக்காதது."

பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். காது மடல் சிவந்து போனது.

அவள் அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அண்ணா, இந்தப் புஷ் போல்ட்ட எப்ப முறுக்கோணும்?"

"வண்டிய எறக்கி, பாரம் சக்கரத்து மேல ஒக்காந்தப்பறம் முறுக்கோணும் கண்ணு. இல்லீன்னா ரப்பர் முறுக்கிட்டே நின்னு கிழிஞ்சு போகும். அன்னைக்கே மாப்ளைகிட்டச் சொன்னேன். அவசரத்துல காதுல உழுந்திருக்காது."

"தெரிஞ்சேதான் ரெண்டாவது செட்ட அனுப்புனயா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"உன்ற ஊட்டுக்காரர உங்கிட்டயே கொறச்சுப் பேசச் சொல்றயா? உடு சாமி."

கலாவதிக்கு அழுகை முட்டியது. அதைவிட ஆத்திரம் முட்டியது. தங்கச்சி புருஷனின் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தவனைத்தான் இந்த மனுஷன் ஊரெல்லாம் திருடனாக்கியிருக்கிறான்!

கருப்பண்ணன் இடது போல்ட்டைத் தளர்த்தினான். ரப்பர் தானாக நேரானது. வண்டி தரையில் நிற்க, இரண்டு பக்கமும் முறுக்கினான். கையைத் துடைக்கக்கூட அவள் விடவில்லை. "கெளம்புங்க. ஸ்டாண்டுல எல்லாரும் இருக்கற நேரம்."

வழியெல்லாம் வளைவில்கூட அந்தக் கடக் கடக் சத்தம் இல்லை.

ஒண்டிக்கடையில் இறங்கியவன், "புஷ்ஷு... மாட்டுனதுல சின்ன மிஸ்டேக்குங்க" என்று மென்று முழுங்கினான்.

"மாட்டுனது யாரு?" என்றார் பெருமாள், ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர்.

கருப்பண்ணன் திரும்பிப் பார்த்தான். கலாவதி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணை எடுக்கவில்லை.

"நான்தானுங்க. எங்க மச்சான் கடைச் சாமான்ல ஒரு குத்தமும் இல்லீங்க. எப்பிடி மாட்டோணும்னும் சொன்னாருங்க. நான் கேக்கல. அவரத் திருடன்னு சொன்னது என் தப்புங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்கு லேசாக இருந்திருக்கும். பெருமாள் மட்டும், "நொம்ப லேட்டாச் சொல்றயே கருப்பண்ணா" என்றார்.

குப்பனூர் வழியாகப் போகும் பஸ் ஹாரன் அடித்தது. கலாவதி பின்சீட்டிலிருந்து தன் துணிப்பையை எடுத்தாள்.

"கார்லயே போலாமில்ல?" என்றான் அவன். "நானும் வர்றேனே."

"அத எங்கண்ணங்கிட்டக் கேளுங்க. அவன் வரச் சொன்னா வாங்க."

அவள் பஸ் ஏறிவிட்டாள். கருப்பண்ணன் கிரீஸ் கையோடு போனை எடுத்து, மச்சான் பெயரைத் தேடினான்.