விரல் வேண்டாத தீவு

அந்தத் தீவில் யாருக்கும் விரல் கிடையாது. முதல் நாள் அதைக் கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தவன் நான்தான். டிவிக்குள் ஓடியாடுகிற பொம்மை மனிதர்களுக்குப் பெரிய தலை, எப்போதும் சிரிப்பு, சட்டைக் கைக்கு வெளியே கோலிக்குண்டு மாதிரி ஓர் உருண்டை. அவ்வளவுதான் கை.

"என்னளா இது, படம் போட்டவனுக்கு விரல் வரைய வலிச்சுதாக்கும்?" என்று மகள் பரீஹாவைக் கேட்டேன்.

"கேம்னா அப்படித்தான் வாப்பா. சும்மா காலி-பீலியா நொட்ட சொல்லாதிய," என்றாள்.

சிரிக்க எனக்கு அப்போது வேறு எதுவும் இருக்கவில்லை. தாராவியில் எனக்கும் என் மச்சினன் இஜாஸுக்கும் கூட்டாக ஒரு தோல் பைப் பட்டறை. அவனுக்குத் தையல், எனக்கு வெட்டு. மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், விரித்த தோலில் கத்தியை வைத்தேன், கத்தி கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவன் நானும் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வாய் கோணியிருந்தது, வலது பக்கம் என் பேச்சைக் கேட்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். பிறகு வாய் நேரானது. காலும் இழுத்து இழுத்தாவது நடந்தது. இந்தக் கைதான் சண்டாளக் கை. தோளை ஆட்டினால் கூடவே ஆடும், அவ்வளவுதான். ஐந்து விரலும் உள்ளுக்கு மடங்கிக் கிடக்கும்.

சோறு என் மனைவி ஹபீபாதான் ஊட்டினாள். இடது கையால் தின்னப் பழகுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முடியாதவனுக்கு அதில் குற்றமில்லை என்று பள்ளிவாசல் இமாமும் சொல்லியனுப்பினார். எனக்கு மனம் வரவில்லை. பிறந்ததிலிருந்து பிசைந்து தின்ற கை உடம்பிலேயே தொங்கும்போது, கழுவுகிற கையை எப்படி வாயில் வைப்பது?

"ரமலானுக்குள்ள இந்தக் கையால ஒரு பேரீச்சம்பழத்த எடுத்து வாயில போடுவேன் பாரு," என்று ஹபீபாவிடம் சொன்னேன்.

"இன்ஷா அல்லாஹ்," என்றாள்.

நான் மலையைத் தூக்குகிறேன் என்று சொல்லவில்லையே. ஒரு பேரீச்சம்பழம். அதை எடுக்கிற விரல் நாளைக்குக் கத்தியையும் பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன்.

எனக்குப் பிசியோதெரபி பார்த்த மாலதி செம்பூர்ப் பெண். நல்ல பெண்தான், ஆனால் ராஜ்மா பைத்தியம். ஒரு கிண்ணத்தில் ராஜ்மாப் பயறைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடச் சொன்னாள். "விரல்தான் அங்கிள் முக்கியம். போர் அடிக்கும், கோபம் வரும். ஆனா ஆரம்ப மாசங்கள்ல வர்றதுதான் நல்லா வரும். விட்றாதீங்க."

போர் மட்டுமா அடித்தது? எருமைத் தோலை ஒரே இழுப்பில் அறுத்தவன், சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பயறு பொறுக்க வேண்டும். அதுவும் வழுக்கிக் கட்டிலுக்கடியில் ஓடும். ஒரு நாள் கிண்ணத்தை இடது கையால் தட்டி எறிந்தேன். ஹபீபா எல்லாவற்றையும் பொறுக்கினாள். பொறுக்கிய கையோடு வேகவும் வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் கல்யாணிலிருந்து என் தங்கை நுஸ்ரத் வந்தாள். அவள் பிள்ளைகள் விளையாடிச் சலித்துப்போன கேம் பெட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "கைய வீசி வீசி வெளையாடுதது காக்கா. ஒங்களுக்கு எக்சர்சைசும் ஆச்சு, பொழுதும் போவும்," என்று அண்ணனுக்கு யோசனை சொன்னாள்.

பரீஹா வயரை மாட்டியதும் வீட்டுக்குள் கடல் வந்தது. எங்களுக்குக் கடல் ஒன்றும் புதிதில்லை. மாஹிம் பக்கமிருந்து காற்றடித்தால் கடலின் நாற்றம் அடுப்படி வரைக்கும் வரும். இந்தக் கடல் வேறு. அடியில் கிடக்கிற மணல் தெரியும் நீலம். தென்னை மரங்கள், வெள்ளைக் குடைகள், தூரத்தில் ஒரு எரிமலை, அதுகூட நல்ல பிள்ளையாகச் சும்மா நிற்கிறது. இடித்துக்கொண்டு போகிற கூட்டமில்லை, ஹாரன் இல்லை, எவனுக்கும் வேர்க்கவில்லை. பரீஹா என்னைப் போல ஒரு பொம்மை செய்தாள். என் தாடி, என் வழுக்கை, பட்டறைக்கு நான் போடுகிற பச்சைச் சட்டை. அவன் அந்தக் கடற்கரையில் ஓடினான். யா அல்லாஹ், என்னமாய் ஓடினான்! காலை இழுக்கவில்லை.

நிறைய விளையாட்டு இருந்தது. எனக்கு வாய்த்தது டேபிள் டென்னிஸ். பட்டனையெல்லாம் பரீஹா அமுக்கித் தருவாள். அதற்குப் பிறகு ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கையை வீசினால் போதும், அங்கே பச்சைச் சட்டைக்காரன் பந்தை அடிப்பான். பிடிப்பதில்தான் சிக்கல். பரீஹா என் விரல்களைப் பிரித்து ரிமோட்டை உள்ளே வைப்பாள், நான் தோளைச் சுழற்றுவேன், ரிமோட் பறந்து போய்த் தண்ணீர் டிரம்மில் முட்டும். எடுத்து வைப்பாள், மறுபடி முட்டும்.

கேம் தொடங்கும்போதெல்லாம் திரையில் ஒரு படம் வரும். ரிமோட் வைத்திருக்கிற ஒரு கை, மணிக்கட்டில் ஒரு நாடா.

"ஸ்ட்ராப் கட்டாயம் போடணும்னு சொல்லுதான் வாப்பா," என்று பரீஹா கீழே இருந்த இங்கிலீஷைப் படித்துச் சொன்னாள்.

பெட்டியோடு வந்த நாடாவைப் பார்த்தேன். மிட்டாய்ப் பொட்டலம் கட்டக்கூட ஆகாது. ஸ்ட்ராப் என்றால் என்னவென்று எனக்கா பாடம்? வாழ்நாள் பூரா அதைத்தானே வெட்டினேன்! இஜாஸைக் கூப்பிட்டுவிட்டேன்.

"நீங்க வாயால சொல்லுங்க மச்சான், நான் வெட்டுதேன்," என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

சொன்னேன். வெளியே எருமைத் தோல், உள்ளே வேர்வை குடிக்கிற மெல்லிய ஆட்டுத் தோல். ஐந்து விரலையும் ரிமோட்டோடு சேர்த்துச் சுற்ற ஓர் அகலப் பட்டை, மணிக்கட்டுக்கு ஒன்று, இரண்டிலும் பித்தளை பக்கிள். இஜாஸ் தைத்தான், எனக்குத் திருப்தி வரும்வரை பிரித்துப் பிரித்துத் தைத்தான். மாட்டிப் பார்த்தால் ரிமோட் என் கையோடு பிறந்தது போல உட்கார்ந்தது. உதறினேன், விழவில்லை. நோயில் விழுந்ததிலிருந்து நான் செய்த முதல் வேலை அதுதான். மாமன் இஜாஸும் பரீஹாவும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு என்னை யார் பிடிக்க? முதலில் தோற்றேன். பிறகு தோளை எப்படிச் சுண்ட வேண்டும், இடுப்பை எப்போது திருப்ப வேண்டும் என்று பிடிபட்டது. தீவில் உள்ள விரலில்லாத பயல்களை ஒவ்வொருவனாக வீழ்த்தினேன். கேம்காரன் நட்சத்திரம் கொடுத்தான், பதக்கம் கொடுத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "ஹமீது பாய், கியா பாத் ஹை!" என்றார்கள். பட்டறையில்கூட என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. காலையில் கண் விழித்ததும் எனக்கு அந்த நீலம்தான் ஞாபகம் வரும். டிவியை அணைத்தால் சந்தும் சாக்கடையும் இந்தச் செத்த கையும் அப்படியே திரும்ப வந்துவிடும். அதனால் அணைக்க விடமாட்டேன்.

"இன்னைக்கும் ராஜ்மா எடுக்கலையே நீங்க," என்பாள் ஹபீபா.

"ஜெயிச்சிக்கிட்டு இருக்கவன்ட்ட வந்து ராஜ்மாவாம்ல ராஜ்மா! அந்தால போளா."

மாலதியிடம் போவதும் நின்றது. கியூவில் நிற்க வேண்டும், டாக்ஸிக்காரனிடம் கெஞ்ச வேண்டும். அவளே ஒரு நாள் போன் செய்தாள். கையை வீசி விளையாடும் கேம் என்று பெருமையாகச் சொன்னேன். "நல்லதுதான் அங்கிள், அது நிறைய பேருக்கு உதவுது. ஆனா ராஜ்மாவை விடாதீங்க, இங்கயும் வாங்க," என்றாள். அதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது.

இஜாஸ் வேறு உற்சாகம் ஏற்றினான். "ஒங்க கத்திய எண்ணெ போட்டு துணியில சுத்தி வச்சிருக்கேன் மச்சான். நோன்புப் பெருநா கழிஞ்சி நீங்கதான் வந்து வெட்டுக்கு ஒக்காருதிய. வேற ஆளு போடமாட்டேன்."

ரமலான் பிறை பார்க்கச் சில நாட்கள் இருக்கும்போது ஹபீபா விடாப்பிடியாக என்னை மாலதியிடம் அழைத்துப் போனாள். நானும் மாப்பிள்ளை மாதிரிதான் போனேன். ஸ்ட்ராப்பை அவளுக்குக் காட்டுவதற்காகப் பையில் எடுத்துக்கொண்டேன்.

மாலதி மேசையில் ஒரு காகிதக் கப்பை வைத்தாள். "இதை எடுங்க அங்கிள்."

தோளைத் தூக்கினேன். கை ஜம்மென்று மேலே போனது. ஹபீபா பெருமையோடு மாலதியைப் பார்த்தாள். கை கப்புக்கு நேராக இறங்கியது. விரல் திறக்கவில்லை. திற என்று சொல்கிறேன், உள்ளுக்குள் கத்துகிறேன், திறக்கவில்லை. மூடிய முஷ்டி இடித்துக் கப் கவிழ்ந்து கீழே உருண்டது.

"ஸ்ட்ராப் போடலைல்லா, அதான்," என்றேன்.

"என்ன ஸ்ட்ராப்?"

ஹபீபா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாலதி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலைத் தடவினாள். "ரொம்ப அழகா இருக்கு. யார் செஞ்சது?"

"மச்சினன். சொல்லிக் குடுத்தது நான்."

"தினம் இதை மாட்டிக்கிட்டுதான் விளையாடினீங்களா?"

"தினம்," என்றாள் ஹபீபா.

மாலதி என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். உயிர் போகிற வலி. விட்டுவிட்டு ஸ்ட்ராப்பை மேசையில் வைத்தாள்.

"அங்கிள், அந்த ரிமோட்டைப் பிடிக்க விரல் கஷ்டப்படணும். நழுவணும், விழணும், திரும்பப் பிடிக்கணும். அந்தக் கஷ்டம்தான் மருந்தே. விரலோட வேலையெல்லாம் இது செஞ்சிருக்கு. நீங்க தோளாலயும் இடுப்பாலயும் ஜெயிச்சிருக்கீங்க. விரல் மடங்கினது மடங்கினபடியே இறுகிப்போச்சு."

"அப்பம் இனி ராஜ்மா எடுக்கேன்மா. காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் எடுக்கேன்."

"எடுங்க. நானும் சொல்லித் தர்றேன். கொஞ்சம் இளகலாம்." அவள் இப்போது என்னைப் பார்க்கவில்லை, ஹபீபாவைப் பார்த்தாள். "ஆனா பழையபடி கத்தி பிடிப்பார்னு நான் பொய் சொல்லமாட்டேன் ஆன்ட்டி. அதுக்கான காலம் போயிடுச்சு."

டாக்ஸியில் ஹபீபா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள். யாரை ஏச? கேம் கொடுத்த தங்கையையா, கை தட்டிய மகளையா, என்னையா? எங்கள் வீட்டில் கையாலாகாத ஒருவன் இருந்திருந்தால் பெட்டியோடு வந்த அந்தப் பொட்டலக் கயிற்று நாடாவையே கட்டிவிட்டிருப்பான். ரிமோட் விழுந்து விழுந்து என் கை பிழைத்திருக்கும். நாங்கள் வேலை தெரிந்தவர்கள். எங்கள் ஸ்ட்ராப் அறாது.

பட்டறை வாசலில் இஜாஸ் காத்துக்கொண்டிருந்தான். "பெல்ட்ட பாத்து என்ன சொன்னாங்க மச்சான்?" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு ஆசை.

"ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாங்க மாப்ள."

அவன் பல் தெரியச் சிரித்தான். அது பொய்யுமில்லையே.

"வெட்டுக்கு ஒரு ஆள பாத்துக்க," என்றேன். "என் கத்தியவே குடு. துரு பிடிச்சிரப்போவுது." அவன் ஏன் என்று கேட்பதற்குள் வீட்டுக்கு நடந்தேன்.

வேளாவேளைக்கு மாத்திரை தின்கிறவனுக்கு நோன்பு கடமையில்லை. ஆனாலும் தலைநோன்பு அன்று சாயங்காலம் நோன்பு துறக்கிற நேரத்துக்கு எல்லோரோடும் உட்கார்ந்தேன். கஞ்சி, வடை, தட்டில் பேரீச்சம்பழம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். எல்லோரும் பழத்தை எடுத்தார்கள், என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். நான் வலது கையைத் தட்டுக்குக் கொண்டுபோனேன். அழுத்தினேன். ஒரு பழம் முஷ்டியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது, பாதியில் உதிர்ந்து மடியில் விழுந்தது. ஹபீபா வேறொரு பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, என் வாய்க்கு அருகில் நீட்டினாள்.

"வாயத் தொறங்க."

திறந்தேன். பழம் இனித்தது. அழுகை வந்தது, பிள்ளை முன்னால் என்று பார்க்காமல் அழுதேன்.

மக்ரிப் தொழுதுவிட்டு வந்த பரீஹா, என்ன செய்வதென்று தெரியாமல் டிவியைப் போட்டாள். அந்தப் படம் வந்தது. ரிமோட், கை, நாடா. இத்தனை நாளும் நான் நாடாவைத்தான் பார்த்திருக்கிறேன். அது எதையும் பிடித்திருக்கவில்லை. தளர்ந்துபோய்ச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருந்தது விரல்கள். ஐந்தும் தனித்தனியாக, இறுக்கமாக, நன்றாகத் தெரிகிற மாதிரி வரைந்திருந்தான். விரல் வரையச் சோம்பேறி என்று நான் ஏசினேனே, அவன்தான். தினமும் என் முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறான்.

"வெளையாடுதியளா வாப்பா? வேண்டாம்னா ஆஃப் பண்ணிருதேன்."

படம் மறைந்து கடல் வந்தது. பச்சைச் சட்டை ஹமீது மணலில் நின்று தன் உருண்டையை ஆட்டி என்னைக் கூப்பிட்டான். எனக்குப் போக வேறு எந்த இடம் இருக்கிறது? விரலைக் கேட்காத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

"கட்டுளா," என்றேன்.

பரீஹா என் முஷ்டிக்குள் ரிமோட்டைச் செருகி, இரண்டு பக்கிளையும் இழுத்து மாட்டினாள். நான் தோளைச் சுண்டினேன். அவன் அடித்தான், மறுபடி அடித்தான், ஜெயித்தான். இரண்டு உருண்டைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குதித்தான். ஹபீபா என் மடியில் கிடந்த பழத்தை எடுத்துக் கழுவித் தட்டில் வைத்தாள்.