பிழியாத கேரட்

ஈரத்தைக் கண்டால் சலவைக் கடைக்காரரின் கை சும்மா இருக்காது. விடுதியிலிருந்து வரும் படுக்கை விரிப்போ, கைத்துண்டோ, இரண்டு முனையையும் பிடித்து ஒரே முறுக்கு. அதன்பிறகும் ஒரு சொட்டு விழுந்தால் அவருக்கு அது மானப் பிரச்சினை. கடையில் இயந்திரம் இருக்கத்தான் செய்கிறது. அது பிழிந்து தருவதை இன்னொரு தரம் பிழிந்து பார்த்தால்தான் மனிதருக்குத் தூக்கம் வரும்.

அப்பேர்ப்பட்டவர் இன்று கடையைச் சாத்திவிட்டுக் கேக் செய்யக் கிளம்பியிருந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆகி, வாரக்கணக்காக வெறும் சூப்பில் காலம் தள்ளிய மனைவி இன்று வீட்டுக்கு வருகிறாள். ஈரப்பதமாக, மெத்தென்று எதையாவது விழுங்கிப் பார்க்கலாம், பேசவும் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் அவளுக்குப் பயம். வாயையே திறக்கவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று மகள் கேட்டதற்குக் கைபேசியில் தட்டிக் காட்டினாள்: கேரட் கேக். விஷயம் காதில் விழுந்ததிலிருந்து இவருக்குத் தலைகால் புரியவில்லை.

கேரட்டும் பூசணியும் ஆப்பிளும் துருவி, அன்னாசியை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் கொட்டினார். பிறகு கை தன் வேலையைக் காட்டியது. கிண்ணம் நிறையச் சாறு இறங்கியதைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை. துணியை அலசி ஜன்னல் கொடியில் உலர்த்தினார். கேக்கை ஓவனிலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்தபோது டொக் என்றது. கத்தி இறங்க மறுத்தது. கைபேசியை எடுத்தார். மருத்துவமனையில் இருந்த மகளைக் கூப்பிட்டார்.

"துருவினதை என்ன பண்ணீங்கப்பா?"

"என்ன பண்ணுவாங்க? பிழிஞ்சேன்."

"அன்னாசியையுமா?"

"அது தண்ணியா ஊத்துச்சும்மா. எப்படி விடறது?"

"அந்த ஈரத்துக்குத்தானேப்பா இவ்வளவும் போடறது. நாங்க கிளம்பப் போறோம். திரும்பப் பண்ணுங்க. கையை மட்டும் கட்டிப் போட்டுடுங்க."

அவ்வளவுதான், மனிதருக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வேகம். மறுபடி துருவினார். கேரட் கண்ணெதிரே கசிந்தது. அன்னாசி வழிந்தது. விரல்கள் பரபரத்தன. இடது கையைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் முட்டையும் எண்ணெயும் சர்க்கரையும் மாவும் சேர்த்துக் கலக்கினார். மூக்கில் மாவு, காதில் மாவு. ஓவன் கண்ணாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கேக் மெல்ல மெல்ல எழும்பியது. அவரும் கூடவே எழுந்து நின்றுவிட்டார். வாசனை வீட்டை நிறைத்தது. கத்தியைச் செருகினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அவர் அடித்த சீழ்க்கை, வாசலில் வந்து நின்ற டாக்ஸி வரைக்கும் கேட்டது.

மனைவி மேசை முன் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். ஆறியும் ஆறாமலும் இருந்த கேக்கில் விரலளவு வெட்டி வைத்தார். அவள் வாயில் போட்டு, மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். அப்பாவும் மகளும் வைத்த கண் வாங்காமல் அவள் தொண்டையையே பார்த்தார்கள். அவள் சட்டென்று கழுத்தில் கை வைத்தாள். இவருக்கு உயிரே போய்விட்டது. தொண்டை ஏறி, இறங்கியது. அடுத்த துண்டுக்கு அவளே கையை நீட்டினாள்.

இவர் அதையும் வெட்டிக் கொடுத்தார். அவளோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடியில் அந்த வெள்ளைத் துணி, எவ்வளவு அலசியும் போகாத ஆரஞ்சுக் கறையோடு தொங்கியது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

"பிழிஞ்சீங்களா?"

கரகரத்த குரல்தான். ஆனாலும் அவள் குரல். ஆமாம் என்று தலையாட்டியபடி அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். துண்டு நன்றாகவே நனைந்துவிட்டது. அதைப் பிழியாமல், அப்படியே தோளில் போட்டுக்கொண்டு அவளுக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டினார்.