அறுபதடி மேடையில் ஒரு குதிகால்

காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது எடைக்காரர் முதலில் வலது காலைத்தான் தரையில் வைப்பார். இடது காலின் முறை வரும்போது சற்று யோசிப்பார். ராத்திரி முழுக்க யாரோ உட்கார்ந்து கூர் தீட்டி வைத்துவிட்டுப் போனது போல, அந்தக் குதிகாலுக்கு அடியில் ஓர் ஆணி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. காலை எங்கே வைத்தாலும் முன்கூட்டியே அங்கே போய் நிற்கும். கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார், ஆணியும் திரும்பிக்கொண்டது. ஒருநாள் அதை ஏமாற்றுவதற்காகத் தலைமாட்டுப் பக்கமாக இறங்கினார். அங்கேயும் வந்து நின்றது, கூடுதல் கோபத்தோடு.

"என்னங்க, அங்கயே நின்னுட்டீங்க?" என்பாள் மனைவி சமையலறையிலிருந்து.

"நிக்கல. காத்திருக்கேன்."

"எதுக்கு?"

"ஆணி கொஞ்சம் மழுங்கட்டும்னு."

பத்தடி நடந்தால் மழுங்கும். குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மனித நடை வந்துவிடும். ஆனால் எங்கேயாவது கால்மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அவருக்கு வாய்த்ததோ நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிற உத்தியோகம்.

லாரிகளை எடை போடுவது அவர் வேலை. அறுபதடி நீளத்துக்கு இரும்பு மேடை. அதன் ஓரத்தில் ஐந்து படி உயரத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு நாற்காலி. எதிரே கம்பத்தில், சிவப்பு எண்கள் எரியும் பலகை. லாரி மேடையேறி நின்றதும் அவர் படியிறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். எல்லாச் சக்கரமும் மேடைமேல் இருக்கிறதா, லாரியைத் தவிர வேறு ஏதாவது மேடையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு படியேறிப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். நாளொன்றுக்கு எண்பது லாரி. எண்பது இறக்கம், எண்பது சுற்று, எண்பது ஏற்றம்.

ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டன்'. பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் மரியாதை குறையக் கூடாதென்று 'டன் அண்ணே' என்றார்கள்.

குதிகால் படுத்த ஆரம்பித்ததும் டன் அண்ணன் சுற்றுவதை நிறுத்தினார். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டிப் பார்ப்பதோடு சரி. கண்ணாடியில் அவர் மூக்கு பதிந்த தடத்தை எந்தத் துணியாலும் துடைக்க முடியவில்லை. இப்படியிருக்கையில் ஒருநாள் ஒரு லாரியின் பின்சக்கரங்கள் மேடைக்கு வெளியே நின்றன. நான்கு டன் குறைந்து சீட்டு போய்விட்டது.

மேனேஜர் வந்தார். வயதில் இளையவர், குரல் உயர்த்தாதவர். அதுதான் பயமே.

"மூணு மாசம் டைம் தர்றேன். அதுக்கப்புறம் ஒரு நாள் வந்து நிப்பேன். ஒவ்வொரு வண்டிக்கும் இறங்கிச் சுத்தி வரணும். முடியலைன்னா சொல்லிடுங்க, மூட்டைக் கொட்டகைல ஆள் கேக்கறாங்க."

மூட்டைக் கொட்டகையில் நாற்காலி கிடையாது. சிமெண்டுத் தரை. எட்டு மணி நேரமும் நின்றபடியே இருக்க வேண்டும். அந்தத் தரையை நினைத்தாலே அவருடைய செருப்புக்குள் ஆணி எழுந்து நின்றது.

டாக்டர் அம்மா குதிகாலை ஒரே ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். எடைக்காரர் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த மூன்று பேர் நோய் குணமாகி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"பாதத்துக்கு அடியில பட்டை மாதிரி ஒரு நார் இருக்கு. உங்களைத் தூக்கித் தூக்கி அது குதிகால்ல ஒட்டற இடம் நொந்து போயிருக்கு. மெத்துனு செருப்பு போடுங்க. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு காலை நீட்டற பயிற்சி சொல்லித் தர்றேன், தினமும் பண்ணுங்க. ஆனா எல்லாத்தையும் விட, எடையில பத்து கிலோ குறையணும்."

"நடந்தாத்தானே குறையும்? எடை குறைஞ்சாத்தானே நடக்க முடியும்? நான் எந்தப் பக்கமா உள்ள போறது டாக்டர்?"

"வாய் பக்கமா. சாப்பாட்டைக் குறைங்க. வாரம் ஒரு தடவை எடை பாருங்க. எப்பவும் ஒரே மிஷின்ல பாருங்க, மாத்தாதீங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க."

ஒரே மிஷின் என்ற சொல்லில்தான் சனியன் வந்து உட்கார்ந்தது.

மனைவி கடைக்குப் போய், குளியலறையில் வைக்கிற சின்ன எடைப்பொறி ஒன்றை வாங்கி வந்தாள். எடைக்காரர் அதைக் காலால்கூடத் தொடவில்லை.

"இதெல்லாம் ஒரு மிஷினா? சர்க்கார் முத்திரை எங்க? ஏறினவன் மூஞ்சியைப் பார்த்து மனசு நோகாம ஒரு நம்பர் சொல்லும்."

"வேற எதுல பாப்பீங்களாம்?"

"எங்கிட்ட அறுபது அடில ஒண்ணு இருக்கு. மேடை பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்."

பத்தொன்பது வருஷமாக, எடையில் தகராறு செய்த ஒவ்வோர் ஓட்டுநரிடமும் அவர் சொன்ன வாசகம் அது. இப்போது தானே அதற்குள் மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும், முதல் லாரியை உள்ளே விடுவதற்கு முன், அவர் மேடையேறிப் பலகையைப் பார்த்து நின்றார். அந்த மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது. பத்துப் பத்தாகத்தான் தாவும். 110 என்று எரிந்தது. சரி, இது நூறாக வேண்டும், அவ்வளவுதான் என்று படியேறினார்.

அவர் ஏமாற்றவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் தட்டில் பாதி வெள்ளரிக்காயும் கீரையுமாக மனைவி வைத்ததைத் தலை நிமிராமல் சாப்பிட்டார். டீயில் சர்க்கரையை விட்டார். பயிற்சி செய்தார்; சுவரைத் தள்ளித் தள்ளி அந்த வீடே ஒரு விரற்கடை தெருப்பக்கம் நகர்ந்துவிட்டதாக மனைவி குறைப்பட்டாள். தொல்லை வந்தது வேலையிடத்தில். ஓட்டுநர்கள் சீட்டு வாங்க வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு பன், நாலு பிஸ்கட், எண்ணெயில் பொரித்த ஏதாவது. வேண்டாமென்றால் முகம் சுண்டிப்போகும். "என்னண்ணே, நம்ம மேல கோவமா?" என்பார்கள். அதனால் வாங்கிக்கொண்டார். வாங்கியதையெல்லாம், படியடியில் படுத்திருந்த நாய்க்குப் போட்டார்.

நாயின் பெயர் சூப்பர்வைசர். பகல் முழுக்கத் தூங்கிவிட்டு, யாராவது வேலை செய்தால் எழுந்து வந்து பார்க்கும். அதனால் வந்த பெயர்.

இரண்டாவது திங்கட்கிழமை மேடையேறினார். 130.

எடைக்காரர் கண்ணைக் கசக்கினார். இறங்கினார், ஏறினார். 130. ஒரு வாரம் பட்டினி கிடந்தவன் இருபது கிலோ கூடிய கதை உலகத்தில் எங்கேயாவது உண்டா? வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் "போய் வேலையைப் பாருப்பா" என்றிருப்பார். சொன்னது மேடை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வாங்கித் தின்றீங்க?"

"சத்தியமா எதுவும் தின்னலைடி."

"அப்ப காத்தைத் தின்னு ஊதிப்போனீங்களா?"

மறுநாளிலிருந்து வெள்ளரிக்காயும் பாதியானது. மூன்றாவது வாரம் 130. ஆறாவது வாரம் 130. எட்டாவது வாரம் இடுப்பில் பேண்ட் நிற்காமல் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு போனார், 130. துணிக்கடைக்காரன் மட்டமான துணியைக் கொடுத்துவிட்டான், துவைக்கத் துவைக்க விரிகிறது என்று முடிவு கட்டினார்.

இன்னும் பெரிய விஷயம் ஒன்று நடந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது ஆணி முன்போலக் குத்தவில்லை. அவர் அதை நம்பவில்லை. நூற்று முப்பது கிலோ மனிதனுக்கு வலி குறையும் என்று எந்த டாக்டர் சொன்னார்? குதிகால் மரத்துப்போய்விட்டது, அதுதான். வலிக்காத காலையும் பத்திரமாக நொண்டியே வைத்தார். படியில் கைப்பிடியைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, பழைய கணக்கில் ஒரு அடி குறையாமல் நொண்டினார். மேடை ஒன்று சொல்லிக் கால் வேறொன்று சொன்னால், அவர் எந்தக் கட்சி என்பதில் சந்தேகமே இல்லை.

மேனேஜர் கண்ணில் படும்போது மட்டும் இறங்கிச் சுற்றினார். மற்ற நேரமெல்லாம் கண்ணாடிதான். புட்டிக்குள் போட்டு மூடிய ஊறுகாய் மாதிரி அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மூட்டைக் கொட்டகையின் தகரக் கூரை தெரியும். இன்னொரு பக்கம் சிவப்பு எண்கள் தெரியும். வீட்டுக்குப் போனால் வெள்ளரிக்காய்.

கடைசிப் பத்து நாள் புதுத் தகராறு ஒன்று கிளம்பியது. காலி லாரிகள் சில முப்பது கிலோ கூடுதலாக நின்றன. ஓட்டுநர்கள் கத்தினார்கள். "சக்கரத்துல சேறு" என்றார் எடைக்காரர். மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

மூன்று மாதக் கெடு முடிந்த அன்று திங்கட்கிழமை. காலையில் மேடை அவருக்கு வழக்கமான 130ஐக் காட்டியது. எட்டு மணிக்கு மேனேஜர் வந்து கண்ணாடி அறையில் நின்றுகொண்டார். எடைக்காரர் நாற்காலியின் கைகளைத் தடவிக் கொடுத்தார், ஊருக்கு அனுப்பி வைப்பவர் போல.

முதலில் வந்தது ஹாரன் என்கிற ஓட்டுநரின் காலி லாரி. எதிரே யாருமில்லாவிட்டாலும் ஹாரன் அடிப்பவர் அவர். மேடையில் ஏறி அடித்தார், நிறுத்தி அடித்தார். பலகை 9450 காட்டியது.

"டன் அண்ணே!" என்று தலையை வெளியே நீட்டினார். "என் வண்டி ஒம்பதாயிரத்து நானூத்தி இருபது. நேத்துப் பொறந்த குழந்தைக்கும் தெரியும். இன்னிக்கும் முப்பது கூடுது. வண்டி முழுகாம இருக்கா என்ன?"

"மேடை பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றனா? இறங்கி வாங்க. வந்து பாத்துட்டுப் பேசுங்க!"

மேனேஜர் அமைதியாகச் சொன்னார். "இறங்கிப் பாருங்க."

எடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்தொன்பது வருஷ மேடையை, ஹாரன் அடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாத ஒருவன் பொய்யன் என்பதா? ஐந்து படியை எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. முன்சக்கரம் சரி. நடுச்சக்கரம் சரி. விறுவிறுவென்று அந்தக் கோடிக்குப் போய் லாரியின் பின்பக்கம் திரும்பினார்.

அங்கே, பின்சக்கரத்து நிழலில், மேடைமேல் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தது. முதுகு நிமிர்த்தி, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து, கம்பத்துப் பலகையையே பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி. மூன்று மாதத்தில் அது நாய் என்ற நிலையைத் தாண்டி ஒரு சோபா போல ஆகியிருந்தது.

எடைக்காரர் அதன் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். பலகை தாவியது. 9420.

"அடி சக்கை!" என்று ஹாரன் கை தட்டினார். "இது என் வண்டிலயும் ஏறிடுச்சா? உங்ககூட மட்டும்தான் ஏறும்னு நெனச்சேன்."

"எங்கூடவா?"

"ஆமாண்ணே. திங்கக்கிழமை திங்கக்கிழமை கேட்டுல நின்னு பாக்கறேனே. நீங்க பலகையைப் பாத்து விறைச்சு நிப்பீங்க, இது உங்க முதுகுக்குப் பின்னால விறைச்சு உக்காரும். நீங்க பெருமூச்சு விட்டுப் போயி பன்னைத் தூக்கிப் போடுவீங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் டாக்டர் எடை பாக்கச் சொல்லிருக்காங்கன்னு நான் நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாய்யா?"

"உங்க குடும்ப விஷயம், எதுக்குன்னு விட்டுட்டேன்."

எடைக்காரர் நாயைப் பார்த்தார், தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். குதிகால் வலிக்குமென்று அவர் மேடையில் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நேரே நின்று, நேரே இறங்கி, நேரே படியேறியிருக்கிறார். லாரியைத் தவிர வேறு ஏதாவது நிற்கிறதா என்று சுற்றிப் பார்ப்பதற்காக உட்கார வைத்த ஆள், தன்னைத் தவிர வேறு எது நிற்கிறது என்று பார்க்கவில்லை. அவரிடமிருந்து இறங்கிய ஒவ்வொரு கிலோவும் பன்னாகவும் பிஸ்கட்டாகவும் நாய்க்குப் போய், அது அதைச் சிந்தாமல் சிதறாமல் மறுபடி மேடைக்கே கொண்டு வந்து வைத்திருக்கிறது. மேடை பொய் சொல்லவே இல்லை.

ஹாரன் லாரியை இறக்கினார். எடைக்காரர் தனியாக மேடையேறினார். முதல் வேலையாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார், யாருமில்லை. பிறகுதான் பலகையைப் பார்த்தார்.

100.

"சார்," என்று கண்ணாடி அறையைப் பார்த்துக் கத்தினார். "சார், நூறு!"

மேனேஜர் பலகையைப் பார்க்கவில்லை. அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கிச் சுத்தி வந்தீங்களே, நொண்டவே இல்லையே."

எடைக்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். யாருடைய காலோ போல இருந்தது. படியேறி வரும்போது, வழக்கத்தை விடாமல் ஒரு படியில் நொண்டிப் பார்த்தார். பாதியில் வெட்கம் வந்து நிறுத்திக்கொண்டார்.

"நாற்காலி உங்களுதுதான்," என்றார் மேனேஜர். "எண்பது வண்டிக்கும் இறங்கணும். இப்ப வலிக்குதுன்னு சொல்ல முடியாது. எதுத்த ஆபீஸ் ஜன்னல்லயிருந்து நான் பாப்பேன்."

எண்பது சுற்று! அன்று சாயங்காலம் வரை சுற்றினார். நாயையும் கூடவே இழுத்துக்கொண்டு சுற்றினார். அது நாலு லாரிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, பின்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. பழைய எடைக்காரரின் முகம் அதில் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை கட்டிலிலிருந்து வலது காலை வைத்தார். இடது காலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, அங்கயே இருக்கீங்க?"

"காத்திருக்கேன்."

"இன்னுமா ஆணி?"

மெதுவாகக் காலைத் தரையில் வைத்தார்.

"வந்துச்சு. ஆனா ஆணி இல்ல, குண்டூசி."

"போகப் போக அதுவும் போயிடும். எழுந்து வாங்க, வெள்ளரிக்கா வெட்டி வெச்சிருக்கேன்."

"எனக்கு மட்டுமா?"

"உங்க நாய்க்கும் சேத்துதான். வாசல்ல வந்து உக்காந்திருக்கு."